செப்புத் தகட்டின் சாட்சியம்

ஒரு பெருநூலிலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் காட்டுவது எளிது. அவ்வரி நூலில் எவ்விடத்தில், எவர் வாயில், எதற்கு விடையாக வந்தது என்பதை உடன் கூறாவிடில், மேற்கோள் காட்டியவர் ஒரு பொய்யும் சொல்லாமலே பொய்யராகிவிடுகிறார். திருவசனம் ஒன்றின் முற்பாதியை மட்டும் ஓதிக் காட்டித் தொழுகையினின்றும் தப்பிக்க முயன்ற சோம்பேறியின் கதையை நம் மத்ரஸாக்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். எழுத்துக்கு உரிய இவ்வெச்சரிக்கை ஓவியத்துக்கும் உரியதா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து ஓவியங்களின் புகழ் உலகெங்கும் பரவியது பெரும்பாலும் மூல ஓவியங்களால் அன்று. அவற்றைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களால். அச்செதுக்குப்படங்களுள் ஒருவகை, முழு ஓவியத்தையும் காட்டாமல் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டுவது. ஒரு தலை, ஒரு கை, மூன்று மனிதர், ஒரு குதிரைக் கூட்டம் என்று பெரிய திரையிலிருந்து கத்தரித்தெடுத்த துண்டுகள் அவை. இன்று பழம்பொருள் அங்காடிகளிலும் அருங்காட்சியகப் பெட்டிகளிலும் உறங்கும் இத்தாள்களை அலங்காரப் பொருள்களாகவே பலரும் மதிக்கின்றனர். நாமோ அவற்றைச் சாட்சியங்கள் என்று கருதுகிறோம். சாட்சியம் என்றால் சாட்சியின் நேர்மையை விசாரித்தே ஆகவேண்டும்.

செதுக்குளியின் மொழி

முதலில் இக்கலையின் தன்மையைச் சிறிது நோக்குவோம். செதுக்குபவர் மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் கூரிய எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடுகளைக் கீறுகிறார். கீறிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைப் பொறியில் அழுத்தினால், பள்ளத்திலிருந்த மை தாளில் ஏறுகிறது. தகட்டில் இடப்புறம் இருப்பது தாளில் வலப்புறம் வரும். ஆகவே தாம் பார்த்ததை அப்படியே தகட்டில் வரைந்தவர், தாளில் அதன் கண்ணாடி நிழலையே பெறுவார். மூலத்தின் போக்கைக் காக்க விரும்பினால் தலைகீழாகவே செதுக்கக் கற்றிருக்கவேண்டும்.

இக்கலையில் வண்ணம் இல்லை. நிழலைக் கரியால் தேய்த்துக் காட்டவும் இயலாது. உள்ளது கோடு ஒன்றே. ஒரு தோளின் திரட்சியைக் காட்ட அத்தோளின் வளைவைத் தழுவிச் செல்லும் கோடுகள் வேண்டும். நிழல் அடர்ந்த இடத்தில் அவற்றைக் குறுக்கே வெட்டும் வேறு கோடுகள் வேண்டும். எனவே செதுக்குப்படம் நகல் அன்று. அது மொழிபெயர்ப்பு, சில இடங்களில் உரை. மொழிபெயர்ப்பாளர் தம் மொழியின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டே மூலத்துக்கு உண்மையாக இருக்க முடியும். அத்துடன் அவர் முழு நூலையும் விட்டு ஒரு பகுதியை மட்டும் மொழிபெயர்த்தால், தேர்வு என்னும் இரண்டாவது பொறுப்பும் அவர் தலையில் ஏறுகிறது.

ஒரு மண்டபமும் இரு போர்களும்

இதனை விளக்க இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து ஆட்சி மாளிகையின் பேரவை மண்டபத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1503 ஆம் ஆண்டில் அந்நகரக் குடியரசு, மிலான் படைகளை 1440 இல் அங்கியாரி என்ற இடத்தில் வென்ற போரைச் சுவரில் தீட்டுமாறு லியோனார்டோ டா வின்சியைப் பணித்தது. அடுத்த ஆண்டிலேயே, பீசா நகரத்தாரோடு 1364 இல் காஷினாவில் நிகழ்ந்த போரை அதே மண்டபத்தில் தீட்டும் பணி இளைஞரான மைக்கலாஞ்சலோவுக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்தின் இரு பெரும் ஓவியர் ஒரே கூரையின்கீழ் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர்.

விளைவு என்ன? இரண்டு படைப்புகளுமே நமக்குக் கிட்டவில்லை. லியோனார்டோ 1505 இல் சுவரில் தீட்டத் தொடங்கினார். வண்ணக் கலவையில் அவர் செய்த புதுச் சோதனை பலிக்கவில்லை. பணியைக் குறையாக விட்டு நகரை நீங்கினார். 1563 முதல் அம்மண்டபத்தைப் புதுப்பித்த வசாரியின் சுவரோவியங்களே இன்று அங்கு நிற்கின்றன. மைக்கலாஞ்சலோவோ சுவரைத் தொடவேயில்லை. முழு அளவு முன்வரைவைத் தாளில் முடித்தார். 1505 இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் அவரை ரோமாபுரிக்கு அழைத்துக்கொண்டார். அவர் விட்டுச் சென்ற முன்வரைவு இளம் ஓவியர்களின் பள்ளிக்கூடமாயிற்று. வந்தவரெல்லாம் அதைப் பார்த்து வரைந்தனர். மிகுந்த அன்பே அதற்கு எமனாயிற்று. 1516 அளவில் அது கிழிபட்டுத் துண்டுகளாகச் சிதறியது என்பது வசாரி எழுதிய ஓவியர் வரலாற்றிலிருந்து தெரிகிறது. அத்துண்டுகளும் இன்றில்லை.

அதில் மைக்கலாஞ்சலோ காட்டியது போரை அன்று. போருக்கு முந்திய நொடியை. வெயிலின் கொடுமை தாளாமல் புளோரன்ஸ் வீரர்கள் கவசங்களைக் களைந்து ஆர்னோ ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கின்றனர். பகைவர் வருகிறார் என்ற கூக்குரல் எழுகிறது. நீரிலிருந்து பதறிக் கரையேறுவோரும், ஆடை தேடுவோரும், கவசம் பூட்டுவோருமாக ஒரே அமளி. ஈரக்காலில் காலுறை ஏறாமல் வாய் கோணி இழுக்கும் கிழவர் ஒருவரை வசாரி வருணிக்கிறார்; தலையில் வெயிலுக்காகச் சூடிய கொடிமாலை அவருக்கு இன்னும் கலையவில்லை. விளையாட்டும் மரணமும் ஒரே உடலில் சந்திக்கும் அந்த நொடியே முன்வரைவின் உயிர்.

கரையேறும் மூவர்

இம்முன்வரைவு சிதறுவதற்கு முன்னமே அதிலிருந்து ஒரு பகுதியைச் செப்பில் பதித்தவர் மார்க்கந்தோனியோ ரைமொந்தி. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலோன்யா நகரில் பிரான்சியா என்ற பொற்கொல்லரும் ஓவியருமானவரிடம் தொழில் கற்றவர் இவர். பின்னர் ரோமில் ரபேலின் வரைவுகளைச் செதுக்கிப் பெரும்புகழ் பெற்றவர். இவருடைய தகட்டில் 1510 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. ‘கரையேறுவோர்’ என்று வழங்கும் அப்படத்தில் மூவர் மட்டுமே உள்ளனர். ஒருவன் முழங்காலைக் கரையில் ஊன்றி உடலை மேலே இழுக்கிறான். அவன் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. இன்னொருவன் குனிந்து நீரை நோக்கிக் கையை நீட்டுகிறான். மற்றொருவன் தூரத்தைச் சுட்டிக் காட்டுகிறான்.

அந்த முதுகை நாம் எத்துணை முறை நோக்கினாலும் சலிப்புத் தட்டுவதில்லை. தோள்பட்டை எலும்பின் அடியில் புகுந்து இடுப்பில் இறங்கும் கோடுகள், பாரத்தைத் தாங்கும் தசை எது, தளர்ந்த தசை எது என்று பிரித்துச் சொல்கின்றன. இவை வெற்று நிழற்கோடுகள் அல்ல. உடலின் இலக்கணத்தைக் கற்றவர் எழுதிய உரை. இம்மூவரும் பின்னாளில் அரிஸ்தோத்திலே தா சங்கால்லோ 1542 இல் தீட்டிய பிரதியோடு பொருந்துகின்றனர். இங்கிலாந்தின் ஹோல்கம் மாளிகையில் இருக்கும் அப்பிரதிதான் காஷினாக் கூட்டத்தை ஓரளவு முழுமையாகக் காட்டுவது. மைக்கலாஞ்சலோ தம் கையால் வரைந்த ஆயத்தப் படங்கள் சிலவும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதலிய இடங்களில் உள்ளன. இவற்றை அருகில் வைத்துப் பார்க்கையில், உடல்களைப் பொறுத்தவரை ரைமொந்தி நம்பத்தக்க சாட்சி என்றே தீர்ப்பளிக்கிறோம்.

ஆனால் நொடி எங்கே? கூக்குரல் எங்கே? கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த இம்மூவர் ஏன் பதறுகிறார்கள் என்பதற்குப் படத்தில் காரணமே இல்லை. பகைவரைச் சுட்டிய விரல் இங்கே வெறுமையைச் சுட்டுகிறது. கிழவரின் காலுறை இல்லாமல், கவசம் பூட்டும் தோழர் இல்லாமல், போர் உடற்பயிற்சியாகிவிட்டது. மனித உடலை எத்தனை நிலைகளில் வளைத்து வரையலாம் என்பதற்கு ஒரு பாடமாக இப்படத்தைப் பிற்கால ஓவியர்கள் பயின்றதில் வியப்பில்லை. வளையாபதியின் எஞ்சிய செய்யுள்களைத் திரட்டுநூல்கள் காத்துத் தந்ததற்காக நன்றி பாராட்டும் நாம், அவற்றை வைத்துக் காப்பியத்தின் கதையை முற்றும் அறிந்துவிட்டோம் என்று சொல்வதில்லை அல்லவா? அதே அடக்கம் இங்கும் தேவை.

மரங்கள் வந்த வழி

இனி நாம் சொல்லப் போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவிய நூலில் இப்படத்தின் நகலை முதன்முதல் கண்டபோது, அம்மூவருக்குப் பின்னே நிற்கும் மரங்களும் நிலக்காட்சியும் நம் கண்ணைக் கவர்ந்தன. முறுக்கேறிய உடல்களுக்குப் பின்னால் அமைதியான மரங்கள் என்ற முரணை மைக்கலாஞ்சலோவின் நுட்பம் என்றே எண்ணி மகிழ்ந்தோம். பிற்பாடுதான் உண்மை தெரிந்தது. அம்மரங்கள் மைக்கலாஞ்சலோவுடையவை அல்ல. அவை ஆர்னோக் கரையில் முளைத்தவையும் அல்ல. ஹாலந்து நாட்டு லூக்காஸ் வான் லெய்டன் 1508 இல் செதுக்கிய வேறொரு படத்திலிருந்து ரைமொந்தி எடுத்து இங்கே நட்டவை.

எந்தப் படத்திலிருந்து? அதன் பெயரை அறிந்தபோது நம் உள்ளம் சுருங்கியதை மறைக்கப் போவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரையும் செர்ஜியஸ் என்ற துறவியின் பெயரையும் இணைத்து வழங்கும் படம் அது. இடைக்கால ஐரோப்பாவில் உலவிய ஒரு கட்டுக்கதை அதன் பொருள். துறவி ஒருவரின்பால் பெருமானார் கொண்ட மதிப்பைப் பொறாத வீரர், அவர்கள் மதுமயக்கில் உறங்குகையில் அத்துறவியைக் கொன்று பழியை அவர்கள்மேல் போட்டனராம்; விழித்தெழுந்து தம்மையே கொலையாளி என்று நம்பியதால்தான் மதுவை விலக்கினார்களாம். மாண்டவில் என்பவர் பெயரில் வழங்கும் பயண நூலிலும் இக்கதை உண்டு.

இதனை மறுக்க அதிகச் சொற்கள் வேண்டா. இளமையில் பெரிய தந்தையார் அபூதாலிபுடன் சிரியா சென்றபோது, புஸ்ரா என்ற ஊரில் பஹீரா என்னும் துறவி பெருமானாரைக் கண்டதாக நம் வரலாற்று நூல்கள் கூறும் செய்தி ஒன்று உண்டு. அதுவே கடல் கடந்து, வாய் மாறி, பகைமையில் ஊறி இவ்வடிவம் எடுத்தது. மதுவிலக்கோ மதீனாவில் படிப்படியாக அருளப்பட்ட இறைக் கட்டளை. அதன் வரலாறு தெளிவானது. லூக்காஸ் வரைந்த உருவத்துக்கும் எம்பெருமானாருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தம் நாட்டில் வழங்கிய கதையை அந்த இளைஞர் ஆராயாமல் வரைந்தார் என்பதே நாம் அவர்மீது சாற்றக்கூடிய குற்றம்.

ஆயினும் திறனாய்வாளர்க்கு இங்கே ஒரு சோதனை வருகிறது. இம்மூலத்தை அறிந்தபின் அம்மரங்களை நாம் வெறுக்கவேண்டுமா? சில நாள்கள் நம்மால் அப்படத்தைப் பார்க்கவே இயலவில்லை. பிறகு நின்று நிதானித்து எண்ணினோம். ரைமொந்தி எடுத்தது மரங்களை மட்டுமே. உறங்கும் உருவையும் கொலையுண்ட துறவியையும் வாளையும் அவர் விட்டுவிட்டார். அவதூற்றின் ஒரு துளியும் அம்மரங்களில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பகுதியைப் பிரித்தெடுக்கும் அதே உளி, காஷினாவின் உயிரான கூக்குரலை இழந்தது. லூக்காஸின் படத்திலிருந்த பொய்யையும் உதிர்த்தது. பிரித்தெடுத்தல் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. எதை விட்டுவிட்டு எதை எடுத்தார் என்று இரு பக்கத்தையும் கணக்கிட்டால் அன்றித் தீர்ப்பு வழங்க இயலாது என்பதை அம்மரங்களே நமக்குக் கற்பித்தன.

அப்படியானால் ரைமொந்திமீது குற்றமே இல்லையா? உண்டு; அது வேறு. இவர் முன்பு டியூரரின் மரியம்மை வாழ்க்கைத் தொடரைத் தகட்டில் நகலெடுத்தபோது டியூரரின் குறியையும் சேர்த்தே பொறித்தவர். டியூரர் வெனிஸ் ஆட்சியாளரிடம் முறையிட, இனி அக்குறியை இடக்கூடாது என்ற அளவில் தீர்ப்பாயிற்று என்பர். ‘கரையேறுவோர்’ தகட்டில், கருவை அமைத்தவர் புளோரன்ஸ் மைக்கலாஞ்சலோ என்பதைக் குறிப்பெழுத்துகளால் பொறித்துத் தம் குறியையும் தனியே இட்டார். இது முன்னைய செயலிலிருந்து பெரிய முன்னேற்றம். ஆனால் மரங்களுக்கு உரியவர் பெயர் எங்கும் இல்லை. பார்ப்பவர், நாம் ஏமாந்ததுபோலவே, முழுப் படத்தையும் மைக்கலாஞ்சலோவின் கணக்கில் எழுதிவிடுவார்.

தமிழ்ப் பதிப்பாசிரியர் இதனை இடைச்செருகல் என்பர். ஹதீஸ் கலையில் இதற்கு ‘முத்ரஜ்’ என்று பெயர்: அறிவிப்பாளர் தம் சொல்லை மூலச் சொல்லோடு வேறுபாடு தோன்றாமல் கலந்துவிடுவது. சொருகப்பட்ட சொல் அழகியதாகவும் உண்மையாகவும் இருக்கலாம். எனினும் எது யாருடையது என்ற எல்லை அழிவதால் அது குறையே. ரைமொந்தியின் மரங்கள் அழகிய முத்ரஜ்.

நேரில் காணாதவரின் சாட்சியம்

எதிர்ச் சுவரில் லியோனார்டோ தீட்டிய போரின் கதி இன்னும் விசித்திரமானது. கொடி ஒன்றைப் பற்றிக் குதிரைவீரர் நால்வர் மோதும் நடுப்பகுதி மட்டுமே நமக்கு வந்துசேர்ந்திருக்கிறது. 1558 இல் லுக்கா நகரத்து லொரென்ஸோ சாக்கியா அதைச் செதுக்கியபோது, லியோனார்டோ தம் கையால் தீட்டிய ஒரு பலகைப் படத்திலிருந்து எடுத்ததாகத் தகட்டிலேயே எழுதி வைத்தார். தம் சாட்சியத்துக்குத் தாமே சனது காட்டியவர் அவர். ஆனால் உலகம் அறிந்த படம் அவருடையதன்று. பாரிசில் தொழில் புரிந்த ஜெரார் எடலிங்க் செதுக்கியதே புகழ் பெற்றது. அதற்கு மூலம் ரூபன்ஸின் கைபட்ட ஒரு வரைபடம்.

இத்தொடரைச் சற்று எண்ணிப் பாருங்கள். ரூபன்ஸ் பிறந்தது 1577 இல். அப்போது வசாரி மண்டபத்தைப் புதுப்பித்து முடிந்துவிட்டது. ஆகவே அவர் லியோனார்டோவின் சுவரைக் கண்டவர் அல்லர். பிறருடைய நகலையே கண்டவர். அவர் மறைந்த 1640 ஆம் ஆண்டில்தான் எடலிங்க் பிறந்தார். அறிவிப்பாளர் தொடரில் இவர்களுள் ஒருவரும் மூலத்தைச் சந்திக்கவில்லை. எடலிங்கின் தகட்டில் லியோனார்டோவின் பெயர்கூட உருக்குலைந்தே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இருந்தும் அப்படத்தின் ஆவேசம் நம்மை அசைக்கிறது. குதிரைகளும் மனிதரைப் போலவே வெறிகொண்டு கடிக்கின்றன. பகை என்பது அறிவை எவ்வளவு கீழே இறக்கும் என்பதற்கு அது காட்சி. இதில் லியோனார்டோ எவ்வளவு, ரூபன்ஸ் எவ்வளவு? புடாபெஸ்ட் அருங்காட்சியகத்தில் லியோனார்டோ தம் கையால் வரைந்த வீரர் தலைகளின் ஆயத்தப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் அலறும் முகத்தைக் காண்போர், அந்த வெறி லியோனார்டோவுடையதே என்பதை ஒப்புவர். உடல்களின் பருமனும் புரளும் வேகமும் ரூபன்ஸின் உடைமை என்று நாம் கருதுகிறோம். தொடர் அறுந்தது என்பதற்காகச் செய்தியை எறிந்துவிடலாகாது. வேறு வழியில் துணைச்சான்று கிட்டுமாயின் அந்த அளவுக்கு ஏற்கவேண்டும்.

தனித்து நிற்கும் பகுதி

எல்லாப் பகுதிகளும் இவ்வாறு தவிப்பதில்லை. மாந்துவா நகரத்து ஜோர்ஜியோ கீசி 16 ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில், சிஸ்டைன் ஆலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய தீர்க்கதரிசிகளையும் குறிசொல்லும் மூதாட்டியரையும் ஆறு பெரிய தகடுகளில் தனித்தனியே செதுக்கினார். அவை துண்டுகள் போலத் தோன்றுவதில்லை. காரணம், விதானத்திலேயே அவ்வுருவங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி இருக்கையில், தனித்தனி எல்லைக்குள், தத்தம் நினைவில் ஆழ்ந்து அமர்ந்திருக்கின்றன. கஸீதாவில் தனியே பொருள் நிறைந்த ஒரு பைத்தை எடுத்தாள்வது போன்றது கீசியின் செயல். எங்கே வெட்டவேண்டும் என்பதை மூல ஓவியரே குறித்துத் தந்திருக்க, அவ்விடத்தில் மட்டும் வெட்டினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரபேல் 1512, 1513 அளவில் தீட்டிய ‘சிஸ்டைன் மடோன்னா’ 1754 முதல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ளது. அதன் அடிவிளிம்பில் முழங்கை ஊன்றி நிற்கும் இரு சிறகுப் பிள்ளைகளை, 19 ஆம் நூற்றாண்டில் தனியே பெயர்த்தெடுத்து எண்ணற்ற படங்களாக அச்சிட்டனர். இன்று மூல ஓவியத்தை அறியாதவரும் அப்பிள்ளைகளை அறிவர். வாழ்த்து அட்டையிலும் மிட்டாய்ப் பெட்டியிலும் அவர்களைக் கண்டிருப்பர். ஆனால் அப்பிள்ளைகளின் கண்களைச் சற்று உற்றுநோக்குங்கள். இருவரும் மேலே பார்க்கிறார்கள். மூலத்தில் அவர்களுக்கு மேலே, குழந்தையை ஏந்தி மேகத்தின்மீது நடந்துவரும் அன்னையின் காட்சி இருக்கிறது. அந்தப் பெருங்காட்சியின் முன் எழுந்த வியப்பே அவர்கள் முகத்தில் இருப்பது. அன்னையை நீக்கியதும் வியப்பு குறும்பாகிவிட்டது. இங்கே மூலம் அழியவில்லை, டிரெஸ்டனில் இருக்கிறது. எனவே இழப்புக்கு ஈடாகச் சொல்லக்கூடிய சமாதானம் எதுவும் இத்துண்டுக்கு இல்லை.

முடிவு

19 ஆம் நூற்றாண்டில் புகைப்படம் வந்தது. செதுக்குளியின் இப்பணி மெல்ல ஓய்ந்தது. இன்று எந்த ஓவியத்தின் எந்த அங்குலத்தையும் நொடியில் பெரிதாக்கிக் காணலாம். பகுதியைக் காட்டுவது எளிதாகிவிட்டதால், பகுதியைக் கண்டு முழுமையைத் தீர்ப்பதும் எளிதாகிவிட்டது. பழைய செதுக்குபவர் ஒரு தோளைச் செதுக்கப் பல நாள் உழைத்தார். அவ்வுழைப்பு அவரைச் சிறிதேனும் சிந்திக்க வைத்திருக்கும்.

ரைமொந்தியின் படத்தைப் பற்றி நம் முடிவு இது. அழிந்துபோன ஒரு பெரும்படைப்பின் மூன்று உடல்களை அவர் நம்மிடம் ஒப்படைத்தார், அதற்கு நன்றி. அவற்றின் காரணத்தை ஒப்படைக்கவில்லை. அதை வசாரியின் எழுத்திலும் சங்கால்லோவின் பிரதியிலும் நாம் தேடிக்கொள்ளவேண்டும். மரங்களின் உரிமையாளரை அவர் சொல்லவில்லை. அதை நாம் சொல்லிவைக்கவேண்டும், அந்த உரிமையாளரின் படம் நமக்கு நோவு தருவதாயினும். பெயர் சொல்லப்படவேண்டியது நம் விருப்புக்கு உரியவர்க்கு மட்டும் என்றால் அது நீதி ஆகாது.

இன்று அப்படத்தை எடுக்கும்போது முதலில் அந்த மரங்களையே பார்க்கிறோம். அவை நன்றாகச் செதுக்கப்பட்ட மரங்கள். லூக்காஸுடையவை.